நெரிசலின் விலை

நுழையும்முன்

நகரவாழ் மக்கள் நாள்தோறும் சாலையில் இழக்கும் காலம் எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை. அந்த இழப்புக்கு ஒரு விலை உண்டு. அதனை ஒவ்வொருவரும் தம்மையறியாமல் செலுத்திக்கொண்டிருக்கின்றனர். இவ்வுண்மையை எடுத்துரைத்து, அதற்கேற்பக் கட்டணங்களை மாற்றியமைக்குமாறு ஏறத்தாழ 45 ஆண்டுகள் வாதாடியவர் பொருளியலறிஞர் வில்லியம் விக்ரி. அவருடைய வாழ்வையும் சிந்தனையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஐந்து சென்ட் கட்டணம்

நியூயார்க் நகரில் 1904ஆம் ஆண்டு சுரங்கத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியபோது அதன் கட்டணம் ஐந்து சென்ட். எவ்வளவு தொலைவு சென்றாலும், எந்நேரத்தில் ஏறினாலும் அதே ஐந்து சென்ட்தான். இரண்டு உலகப்போர்கள் வந்துபோயின. பொருள்களின் விலையும் ஊழியர்களின் ஊதியமும் ஏறின. கட்டணம் மட்டும் அசையவில்லை. கட்டணத்தை உயர்த்தினால் வாக்குகளை இழக்க நேரும் என்னும் அச்சம் ஆட்சியாளர்களைக் கட்டிப்போட்டிருந்தது. 1948இல்தான் அது பத்து சென்ட் ஆயிற்று. அப்போதும் நட்டம் தீரவில்லை. நகர நிருவாகத்தை ஆய்வுசெய்ய மேயர் அமைத்த குழு, தொடர்வண்டிக் கட்டணத்தை ஆராயும் பொறுப்பைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்துவந்த விக்ரியிடம் 1951இல் ஒப்படைத்தது.

விக்ரி 1914ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள் கனடாவின் விக்டோரியா நகரில் பிறந்தவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1935இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பொருளியலின்பால் நாட்டம் கொண்டு கொலம்பியாவுக்கு வந்தார். வாழ்நாள் முழுவதும் அங்கேயே பணியாற்றினார். போரை எவ்வகையிலும் ஏற்காத குவேக்கர் சமயநெறியைச் சார்ந்த அவர், இரண்டாம் உலகப்போரின்போது மனச்சான்றின்பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தார். அதற்கு மாற்றாக ஆற்றிய பணிகளுள் ஒன்று, புவெர்ட்டோ ரீக்கோவுக்கு மரபுரிமைச் சொத்துவரித் திட்டம் வகுத்தது. செல்வர் மிகுதியாகவும் எளியோர் குறைவாகவும் செலுத்தவேண்டிய வளர்வீத வரிமுறை குறித்து அவர் எழுதிய நூல் 1947இல் வெளிவந்தது. கட்டணம், விலை என்றே பின்னாளில் ஓயாது பேசிய ஒருவர், வரியில் நீதியை நாடியவராகத் தம் பணியைத் தொடங்கினார் என்பதை நினைவில் கொள்ளுதல் நன்று.

தொடர்வண்டிக் கட்டணத்தை இன்னும் எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு மேயரின் குழு விடை தேடியது. விக்ரியோ, ஒரு பயணி கூடுதலாக ஏறுவதனால் நகரத்துக்கு எவ்வளவு செலவு நேர்கிறது என்று கேட்டார். காலை எட்டரை மணிக்கு ஏறுபவருக்கும் நண்பகலில் ஏறுபவருக்கும் இவ்வினாவின் விடை ஒன்றாக இருப்பதில்லை. காலை நெரிசலைத் தாங்குவதற்காகவே கூடுதல் பெட்டிகள் வாங்கப்படுகின்றன; கூடுதல் ஊழியர் அமர்த்தப்படுகின்றனர். நாளின் பெரும்பகுதியில் அவற்றுக்கு வேலையில்லை. நண்பகல் பயணியோ எப்படியும் ஓடவிருக்கும் வண்டியின் வெற்றிருக்கையில் அமர்கிறார். அவரால் நேரும் கூடுதல் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. இவ்வாறு கடைசியாகச் சேரும் ஓர் அலகினால் ஏற்படும் கூடுதல் செலவையே பொருளியலார் இறுதிநிலைச் செலவு என்பர். ஒரே கட்டணம் விதிக்கும்போது, நண்பகலில் கடைக்குச் செல்லும் மூதாட்டி தம்மால் நேராத செலவையும் சுமக்கிறார். நெரிசல் நேரப் பயணியோ தம்மால் நேர்ந்த செலவின் ஒரு பகுதியை மட்டுமே தருகிறார்.

ஆகவே நேரத்துக்கும் தொலைவுக்கும் ஏற்பக் கட்டணம் மாறவேண்டும் என்று விக்ரி பரிந்துரைத்தார். கணினி பரவாத அக்காலத்தில் இதனை நடைமுறைப்படுத்தும் வழியையும் அவரே வகுத்தார். பயணி நுழைவாயிலில் 25 சென்ட் நாணயத்தை இடுவார். ஏறிய இடத்தைக் குறிக்கும் வெட்டுகள் கொண்ட உலோக வில்லை ஒன்று அவருக்குக் கிடைக்கும். இறங்குமிடத்து வாயிலில் அதனைச் செலுத்தினால், பயணத்துக்கு உரியது போக எஞ்சியது ஐந்து சென்ட் நாணயங்களாகத் திரும்பி விழும். அறிக்கை 1952இல் அச்சாகி வெளிவந்தது. மறு ஆண்டு நகர நிருவாகம் அனைவருக்கும் ஒன்றுபோலக் கட்டணத்தைப் பதினைந்து சென்ட் ஆக்கியது. அறிக்கை அலமாரிக்குச் சென்றது.

சாலை இலவசமா?

தொடர்வண்டியில் கண்ட உண்மை சாலைக்கும் பொருந்துமென்பது விக்ரிக்கு விரைவிலேயே புலனாயிற்று. சாலையில் நுழைவதற்குக் கட்டணம் இல்லாமையால் அதனை இலவசம் என்று கருதுவது இயல்பு. ஒரு கணக்கின் வழியாக இக்கருத்தை ஆராயலாம். நெரிசல் மிக்க சாலையொன்றில் ஆயிரம் வண்டிகள் செல்கின்றன. ஒவ்வொன்றும் அதனைக் கடக்க 20 நிமிடம் ஆகிறது எனக் கொள்வோம். மேலும் ஒரு வண்டி நுழைகிறது. அதனால் முன்பிருந்த ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு நொடி தாமதமாகிறது. இரண்டு நொடியை எவரும் பொருட்படுத்தமாட்டார். ஆயினும் ஆயிரம் வண்டிகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் 2000 நொடி, அதாவது 33 நிமிடத்துக்கும் மேல். புதிதாக நுழைந்தவர் தாம் செலவிடும் 20 நிமிடத்தை மட்டும் எண்ணிப் பார்த்தே வண்டியை எடுத்தார். பிறர்மீது தாம் ஏற்றிய 33 நிமிடம் அவர் கணக்கில் இல்லை. நுழைந்த ஆயிரம் பேரும் இவ்வாறே எண்ணினர். ஒவ்வொருவரும் மற்றவரால் வந்த நெரிசல் என்று நொந்துகொள்கின்றனர்.

ஒருவர் செயலின் விளைவைத் தொடர்பற்ற பிறர் சுமக்க நேர்வதைப் புறவிளைவு என்பர். சாலை நெரிசலை இக்கோணத்தில் நோக்கியவர்களுள் விக்ரி முதலாமவர் அல்லர். ஆங்கிலப் பொருளியலறிஞர் பிகு 1920இலேயே இரண்டு சாலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்கியிருந்தார். ஆனால் அவருக்கு அது நூலில் இடம்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு. விக்ரிக்கோ மறுநாளே நகரில் செயற்படுத்தத்தக்க திட்டம்.

வாசிங்டன் நகரின் போக்குவரத்துச் சிக்கல்களை ஆராய்ந்த அமெரிக்கப் பாராளுமன்றக் கூட்டுக்குழுவின்முன் 1959இல் அவர் அத்திட்டத்தை வைத்தார். ஒவ்வொரு வண்டியிலும் அதனை அடையாளம் காட்டும் மின்னணுக் கருவி பொருத்தப்படும். சாலைச் சந்திப்புகளில் உள்ள கருவிகள் அதனைப் பதிவுசெய்யும். எந்தச் சாலையில், எந்நேரத்தில் சென்றார் என்பதற்கேற்பக் கணக்கிட்டு, தொலைபேசிக் கட்டணம்போல மாதந்தோறும் உரியவருக்குப் பட்டியல் அனுப்பப்படும். கேட்டவர்கள் இதனைக் கற்பனையென்றும் பெருஞ்செலவு பிடிக்குமென்றும் கருதினர். விக்ரி சில டாலர் விலையுள்ள உதிரிப்பாகங்களைக் கொண்டு எளிய வானொலிக் கருவியொன்றைச் செய்து தம் காரில் பொருத்தினார். கார் தம் வீட்டுக்கு வருவதும் போவதும் தாமாகப் பதிவாவதைக் காண்பித்தார். எனினும் அவர் காட்டியதை மேற்கொள்ள எந்த நகரமும் அன்று முன்வரவில்லை.

பாலத்தின் பாடம்

பாலங்களுக்குச் சுங்கம் வாங்கும் வழக்கத்தை விக்ரி தலைகீழான முறை என்று கருதினார். புதிதாகப் பாலம் கட்டியவுடன் கடனை அடைப்பதற்காகச் சுங்கம் வாங்குகின்றனர். அப்போது பாலத்தில் வண்டிகள் குறைவு. ஆண்டுகள் பல கழிந்து கடன் தீர்ந்ததும் சுங்கத்தை நீக்குகின்றனர். அதற்குள் பாலம் நெரிசலால் திணறத் தொடங்கிவிடுகிறது. இடம் மிகுதியாக உள்ளபோது மக்களைத் தடுத்துவிட்டு, இடம் போதாதபோது அழைக்கும் வழக்கம் இது.

1969இல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்று இச்சிந்தனையை மேலும் கூர்மையாக்கியது. மணிக்கு மூவாயிரம் வண்டிகள் மட்டுமே செல்லத்தக்க பாலம் ஒன்று. ஒன்பது மணிக்கு அலுவலகம் சேர விரும்பும் ஆறாயிரம் பேர் அதனைக் கடக்கவேண்டும். எப்படி முயன்றாலும் அவர்கள் அனைவரும் கடந்துமுடிய இரண்டு மணி நேரம் ஆகும். சிலர் மிக முன்னதாகச் சென்று அலுவலகத்தில் காத்திருப்பர். சிலர் பிந்திச் செல்வர். சரியாக ஒன்பதுக்குச் சேர விரும்புவோர் பாலத்தின்முன் நெடிய வரிசையில் நிற்பர். அவ்வரிசையில் கழியும் நேரமே, வசதியான வேளையில் கடப்பதற்கு அவர்கள் தரும் விலை.

இப்போது வேளைக்கேற்ப ஏறி இறங்கும் கட்டணம் ஒன்றை விதிப்பதாகக் கொள்வோம். எல்லோரும் விரும்பும் வேளைக்கு மிகுந்த கட்டணம். முன்னும் பின்னும் படிப்படியாகக் குறைந்த கட்டணம். அதே ஆறாயிரம் பேர் அதே இரண்டு மணி நேரத்தில் பாலத்தைக் கடப்பர். ஆனால் வரிசையில் எவரும் நிற்கவேண்டியதில்லை. அந்நேரத்தைத் தம் வீட்டிலேயே கழித்துவிட்டுப் புறப்படலாம். முன்பு காலமாகச் செலுத்திய விலையை இப்போது பணமாகச் செலுத்துகின்றனர். வரிசையில் இழந்த காலம் எவருக்கும் கிட்டாமல் அழிந்தது. கட்டணமாகச் செலுத்திய பணமோ பொதுக்கருவூலத்தில் இருக்கிறது. கட்டணம் என்றதும் சுமை என்று எண்ணும் மனத்துக்கு இவ்வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை. விக்ரியின் கருத்துகளுள் மிகவும் நயமானது இதுவே எனலாம்.

தெரிந்து தெளிவோம்

விக்ரிக்கு உலகப்புகழ் ஈட்டித் தந்தது 1961இல் அவர் ஏலம் பற்றி எழுதிய கட்டுரை. மூடிய உறைகளில் விலைகேட்டு, மிகுதியாகக் கேட்டவருக்கே பொருளை விற்கவேண்டும். ஆனால் அவர் செலுத்தவேண்டியது இரண்டாவதாக வந்தவர் கேட்ட விலையே என்பது அவர் ஆராய்ந்த முறை. இம்முறையில் தம் மனத்திலுள்ள உண்மை மதிப்பை எழுதுவதே ஒவ்வொருவருக்கும் நன்மை தரும். பொய்யாகக் குறைத்து எழுதுவதால் பயனில்லை. இது ‘விக்ரி ஏலம்’ எனப்படுகிறது.

எளியோர் என் செய்வர்?

நெரிசல் கட்டணத்துக்கு எதிராக எழும் வலிய வாதம் நீதி பற்றியது. பணம் படைத்தவர் கட்டணத்தைச் செலுத்திவிட்டு வெறிச்சோடிய சாலையில் விரைவார். இல்லாதவர் சாலையைவிட்டு ஒதுங்கவேண்டியதுதானா? வரிசையில் நிற்கும்போதாவது செல்வரும் வறியரும் ஒன்றாக நின்றனரே என்பர்.

இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆயினும் நெரிசல் மிகுந்த நகரின் நடுவே யார் காரில் வருகின்றனர், யார் பேருந்திலும் தொடர்வண்டியிலும் வருகின்றனர் என்பதைக் காணவேண்டும். ஒருவர் மட்டும் அமர்ந்த காருக்குப் பின்னால் ஐம்பது பேர் ஏறிய பேருந்து நின்றுகொண்டிருக்கும் சாலையில் நீதி நிலவுவதாகச் சொல்வது கடினம். நெரிசல் குறைந்தால் முதலில் விரைவது அந்தப் பேருந்தே. அடுத்து, திரளும் பணம் எங்குச் செல்கிறது என்பது முதன்மையானது. அது பொதுப் போக்குவரத்தை மேம்படுத்தப் பயன்பட்டால் எளியோர் பயனடைவர். வேறெங்கோ கரைந்தால் அவ்வாதம் உண்மையாகிவிடும். பேருந்து வசதியற்ற புறநகரிலிருந்து வேலைக்கு வரும் தொழிலாளிக்கு மாற்றுவழி காட்டாமல் கட்டணத்தை மட்டும் விதித்தால் எந்தக் கோட்பாட்டாலும் அவருக்கு ஆறுதல் கூறமுடியாது.

பொதுப் போக்குவரத்துக்கான செலவு முழுவதையும் பயணிகளிடமே பெறவேண்டும் என்று விக்ரி கூறவில்லை. ஒரு தெருவுக்குத் தொடர்வண்டி நிலையம் வந்தால் அங்குள்ள நிலத்தின் விலை ஏறுகிறது. நிலத்துக்கு உரியவர் அதற்காக எதுவும் செய்யவில்லை. அம்மதிப்பைப் படைத்தது நகரம். அவ்வாறு ஏறிய நிலமதிப்பின்மீது வரி விதித்து, அதனைக்கொண்டு பயணக் கட்டணத்தைத் தாழ்த்தி வைக்கலாம் என்பது அவர் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவரிக்காகப் பரிந்துபேசிய அமெரிக்கச் சிந்தனையாளர் என்றி சார்சின் கொள்கைக்கு அவர் ஆதரவாளராக விளங்கினார். நெரிசல் கட்டணத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து விக்ரியின் கொள்கை என்று கூறுவோர் அவருடைய கருத்தின் பாதியை விட்டுவிடுகின்றனர்.

நகரங்கள் செய்த சோதனை

தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரே இச்சிந்தனையை முதன்முதலில் செயலாக்கிய நாடு. 1975ஆம் ஆண்டு சூன் மாதம் நகரின் மையப்பகுதியைச் சுற்றி எல்லை வகுத்தனர். காலை நெரிசல் நேரத்தில் அதனுள் நுழையும் கார்கள், நாளொன்றுக்கு மூன்று சிங்கப்பூர் வெள்ளி செலுத்திப் பெற்ற காகித உரிமச்சீட்டை முகப்புக் கண்ணாடியில் ஒட்டியிருக்கவேண்டும். நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ அமர்ந்த காருக்குக் கட்டணமில்லை. நுழைவோர் தொகை எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் குறைந்தது. 1998இல் காகிதச் சீட்டு மறைந்து, சாலையின் குறுக்கே அமைந்த வளைவுகளும் வண்டியிலுள்ள மின்னணுக் கருவியும் கணக்கைப் பார்த்துக்கொண்டன. 1959இல் கற்பனை என்று ஒதுக்கப்பட்டதற்கு மிக நெருங்கிய அமைப்பு அது.

இலண்டன் மாநகர் 2003 பிப்ரவரி 17இல் ஐந்து பவுண்டு கட்டணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டுமென்று சட்டம் வகுத்திருந்தது. தொடக்கத்தில் நெரிசல் தணிந்தது. சில ஆண்டுகளுக்குப்பின், சாலைகளைத் தோண்டும் பணிகள் பெருகியதாலும், பேருந்துக்கும் நடப்போருக்கும் கூடுதல் இடம் ஒதுக்கியதாலும் நெரிசல் மீண்டும் மிகுந்தது. கட்டணம் அனைத்தையும் தீர்க்கும் மருந்தன்று என்பதை இலண்டன் காட்டியது.

சுவீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோம் வேறொரு வழியைத் தேர்ந்தது. மக்களுள் பெரும்பான்மையோர் எதிர்த்த நிலையில், 2006 சனவரி முதல் சூலை வரை ஏழு மாதங்களுக்கு மட்டும் சோதனையாகக் கட்டணம் விதித்தனர். வேளைக்கேற்ப அக்கட்டணம் 10, 15, 20 குரோனர் என மாறியது. மையப்பகுதிக்குள் சென்றுவரும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனை முடிந்து கட்டணம் நீங்கியதும் வண்டிகள் மீண்டும் பெருகின. அந்த வேறுபாட்டைத் தம் கண்களால் கண்டபின், செப்டம்பர் மாதம் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கட்டணம் வேண்டும் என வாக்களித்தனர். 2007 ஆகஸ்டு முதல் அது நிலையான ஏற்பாடாயிற்று. நூல்களும் அறிக்கைகளும் பல ஆண்டுகளாக ஏற்படுத்த இயலாத மனமாற்றத்தை அந்த ஏழு மாதங்கள் ஏற்படுத்தின.

இறுதி நாள்கள்

ஹட்சன் ஆற்றங்கரைச் சிற்றூரிலிருந்து தொடர்வண்டியில் வந்து, நிலையத்திலிருந்து சக்கரக் காலணி அணிந்து பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பேராசிரியராக விக்ரியைக் கொலம்பியாவில் பலர் நினைவுகூர்வர். கருத்தரங்குகளில் கண்மூடி உறங்குவதுபோல் அமர்ந்திருப்பார். திடீரென விழித்துப் பேச்சாளர் தடுமாறும்படி நுட்பமான வினாவொன்றைத் தொடுப்பார். 1992இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைவராக விளங்கிய அவர், மறு ஆண்டு எழுதிய கட்டுரைக்குப் ‘பொருளியலில் எனது புதுமையான தோல்விகள்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். ஏற்கப்படாத தம் திட்டங்களின் பட்டியலை அதில் கசப்பின்றித் தந்துள்ளார்.

1996 அக்டோபர் 8ஆம் நாள், பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் ஸ்காட்லாந்து அறிஞர் சேம்சு மிர்லீசுக்கும் அறிவிக்கப்பட்டது. பரிசுக்குரியதாகப் பேசப்பட்ட ஏலக் கட்டுரையை அவர் பெரிதாகக் கருதவில்லை. மக்கள் நலனுக்கு அதனால் விளையும் பயன் சிறிது என்றே கூறினார். நகரப் போக்குவரத்து, வேலையின்மை ஆகியவை குறித்துத் தாம் நெடுங்காலம் கூறிவந்ததை இனியேனும் உலகம் செவிமடுக்கும் என்று மகிழ்ந்தார். மூன்றாம் நாள் இரவு, கருத்தரங்கு ஒன்றில் கலந்துகொள்வதற்காகக் காரை ஓட்டிச் செல்லும் வழியில் மாரடைப்பால் உயிர்துறந்தார். அப்போது அவருக்கு அகவை 82.

அவர் வாழ்ந்த நகரம் நீண்டகாலம் தயங்கியது. 2008இல் நியூயார்க் மேயர் கொண்டுவந்த நெரிசல் கட்டணத் திட்டம் மாநிலச் சட்டமன்றத்தில் தோற்றது. 2019இல் அதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. 2024 சூன் மாதம் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் நிறுத்திவைக்கப்பட்டது. இறுதியில் 2025 சனவரி 5ஆம் நாள், மன்ஹாட்டன் தீவில் 60ஆம் தெருவுக்குத் தெற்கே நுழையும் கார்களுக்குப் பகலில் 9 டாலரும் இரவில் 2.25 டாலரும் கட்டணமாயின. அத்தொகை பொதுப் போக்குவரத்தைச் சீரமைப்பதற்கென ஒதுக்கப்பட்டது. அதே நகரின் சுரங்கத் தொடர்வண்டியிலோ, 1904இல் இருந்ததுபோலவே, எத்தொலைவுக்கும் எந்நேரத்துக்கும் இன்றும் ஒரே கட்டணம்தான்.